அடிக்காத மேளத்துக்குக் கூலி

முதல்ல அந்த நோட்டுப் புத்தகத்த எல்லாம் மூடி வைங்க. நான் சொல்றத வரி வரியா எழுதிட்டுப் போயி அப்படியே செஞ்சீங்கன்னா, நாளைக்கு என்னைத்தான் திட்டுவீங்க. பேனா வேணாம், காது போதும்.

என்னத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஜொகூர்ல இளைஞர் முகாம் நடத்தியே தலை நரைச்சவ நான். போன வருஷம் மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தக் கையில குடுத்து அனுப்பி வச்சாங்க. அந்தக் கடிகாரம் ஓடல, அது வேற விஷயம். அறுபது தாண்டியும் எல்லாருக்கும் நான் ‘அக்கா’தான். நீங்களும் அப்படியே கூப்பிடுங்க. ஆண்ட்டின்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்.

கூடாரம் எப்படி அடிக்கிறது, எந்த பஸ்காரரு ஏமாத்துவாரு, இதெல்லாம் முகாம் நடத்தப் போற உங்களுக்கு வேற யாராவது சொல்லித் தருவாங்க. என்னை நிதி திரட்டறதப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியும். முகாமுக்கு வர்ற பிள்ளைங்க, வர்ற செலவ அவங்களே உழைச்சுச் சேக்கணும். அப்பா அம்மாகிட்ட கை நீட்டக் கூடாது. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த வழக்கத்தால இந்த ஊர்ல என்னென்ன கூத்து நடந்திருக்குன்னு சொன்னா, விடிய விடிய உக்காந்திருக்கணும்.

ஒரு குழு நாசி லெமாக், அதான் தேங்காப்பால் சோறு, கட்டி விக்கறோம்னாங்க. விடியக்காலையில எழுந்து கட்டினாங்க. பசி தாங்காம ஆளுக்கொரு பொட்டலம் பிரிச்சாங்க. அப்புறம் சம்பல் காரம் சரியா இருக்கான்னு பாக்க இன்னொண்ணு. மிச்சத்த ஒரு மாமா வந்து மொத்தமா வாங்கிட்டுப் போனாரு, அவரு அதுல ஒருத்தனோட சொந்த மாமா. இன்னொரு குழு கார் கழுவறோம்னாங்க. மத்தியானம் மூணு மணிக்கு நம்ம ஊர்ல என்ன வரும்? மழை. கழுவ வந்த கார்க்காரரு கண்ணாடிய இறக்கி, "தம்பி, மழையே கழுவுது லா, அதுக்கு நான் காசு குடுக்கறதில்ல"ன்னுட்டுப் போயிட்டாரு.

இப்ப நான் சொல்ல வந்தது உலு திராம் ஊர்ப் பிள்ளைங்க கதை.

பன்னிரண்டு பேரு. எல்லாரும் ஒரே தாமான் குடியிருப்பு, வரிசை வீட்டுப் பிள்ளைங்க. அம்மாமாரு பாதிப் பேரு தொழிற்சாலையில ஷிப்டு, அப்பாமாரு பாதிப் பேரு விடியறதுக்கு முன்னால மோட்டார் சைக்கிள்ல சிங்கப்பூர் போயிடுவாங்க. அந்த வருஷ முகாம் மெர்சிங்ல, கடற்கரையில. இந்தப் பிள்ளைங்களுக்குக் கடல்னா ஜொகூர் பாருவுல நின்னு பாத்தா எதிர்ல சிங்கப்பூர் தெரியுதே, அந்தத் தண்ணிதான். எதிர்ல ஒண்ணுமே தெரியாத கடல ஒருத்தரும் பாத்ததில்ல. "பன்னிரண்டு பேரும் போகணும், இல்லன்னா ஒருத்தரும் போக மாட்டோம்"னு அவங்களே சத்தியம் பண்ணிக்கிட்டாங்க.

அதுல மூத்தவன் பிரகாஷ். பதினெட்டு முடிஞ்சவன். முகாம் முடிஞ்ச அடுத்த வாரம் சிங்கப்பூர்ல ஒரு கிடங்குல வேலைக்குச் சேரணும், கடிதம் வந்தாச்சு. அதுக்கப்புறம் அவனுக்கு ஏது முகாம்? அவனுக்கு வலது கை துளசி. பதினாறு வயசு, கணக்குல புலி. அவ வாயத் திறந்தா நம்ம பைய நாம பிடிச்சுக்கணும்.

இவங்க பன்னிரண்டு பேருக்கும் ஒரு உறுமி மேளக் குழு இருந்துச்சு. அட, சிரிக்காதீங்க. நம்ம பிள்ளைங்களுக்கு உறுமின்னா உயிரு. ஆனா உண்மையச் சொல்லணும்ல? இவங்க வாசிச்சா கேக்க முடியாது. நல்ல உறுமி ‘உர்ர்ர்’னு அடி வயித்துலேர்ந்து பேசும். இவங்க உறுமி பல்வலி வந்த மாதிரி முனகும். தவில் ஒரு பக்கம் போகும், பம்பை ஒரு பக்கம் போகும், தாளம் நடுவுல நின்னு ரெண்டு பேரையும் தேடும். கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ யாரும் கூப்பிடல. மேளம் அடிச்சு நிதி சேக்கலாம்னு நினைச்சது அதோட போச்சு.

ஆனா தினம் சாயந்திரம் பயிற்சி மட்டும் விடல. வீட்டு வரிசைக்குப் பின்னால ஒரு ஃபுட்சால் திடல், அங்கதான்.

திடலுக்கு முதல் வீடு சிவகுரு ஐயாவோடது. அரசாங்க உத்தியோகம் பாத்து பென்ஷன் வாங்கறவரு, யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். சட்டை கசங்காது, பேச்சும் கசங்காது. ஒரு சாயந்திரம் அவரு கேட்டத் திறந்துக்கிட்டு வந்து, பிரகாஷ் கையில ஐம்பது ரிங்கிட் நோட்ட வச்சாராம்.

"தம்பிமார், இதை வச்சுக்கொள்ளுங்கோ. இண்டைக்கு மட்டும் நிப்பாட்டுங்கோ. எனக்குத் தலை இடிக்குது."

பையன் நன்றி சொல்லி மேளத்த இறக்கி வச்சுட்டான். துளசி மட்டும் அந்த நோட்டயே பாத்துக்கிட்டு நின்னாளாம். எனக்கு இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சது. அன்னிக்கே தெரிஞ்சிருந்தா இந்தக் கதையே கிடையாது.

அடுத்த மாசம் பத்து பாகாட்ங்கற ஊர்ல மாநிலக் கூட்டம். எல்லாக் குழுவும் சேத்த பணத்தோட வரணும், எப்படிச் சேத்தாங்கன்னு மேடையில சொல்லணும். நம்ம உலு திராம் பிள்ளைங்க ஒரு பிஸ்கட் டின்ன ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்தாங்க. எனக்கு ஒரே பெருமை. எங்க பெரியவரு பக்கத்துல உக்காந்திருந்தாரு. அவருதான் என்ன இந்த வேலைக்கு எடுத்தவரு, கண்டிப்பானவரு, பாராட்டினா வாய் வலிக்கும்னு நினைக்கிறவரு. அவரே டின்னப் பாத்து புருவத்தத் தூக்கினாரு. "பாருங்கய்யா, நம்ம பிள்ளைங்க"ன்னேன்.

பிரகாஷ் மைக்கப் பிடிச்சான்.

"வணக்கம். நாங்க அமைதி விக்கறோம்."

மண்டபத்துல ஒரு சலசலப்பு. ஏதோ தியான வகுப்பு போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

"நாங்க ஒரு லோரோங்ல, ஒரு சந்துல போயி பயிற்சி எடுப்போம். கொஞ்ச நேரத்துல யாராவது வெளிய வந்து, நிப்பாட்டச் சொல்லிக் காசு குடுப்பாங்க. உடனே நிப்பாட்டிடுவோம். நாங்க வாக்கு மாற மாட்டோம். அடுத்த நாள் அடுத்த லோரோங்."

அப்புறம் துளசி வந்தா. கையில அட்டை. மூணு வகைத் திட்டமாம். ஒரு நாள் அமைதி, ஒரு வார அமைதி, பரீட்சை அமைதி. வீட்டுல எஸ்.பி.எம். எழுதற பிள்ளை இருந்தா பரீட்சை அமைதி. "அதுக்கு மட்டும் விலை கொஞ்சம் கூட, ஏன்னா தேவை கூட"ன்னு விளக்கம் வேற.

மண்டபமே வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சது. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, மறைக்க மாட்டேன். பெரியவரு கண்ணுல தண்ணி வர சிரிச்சு, கைக்குட்டையால துடைச்சாரு. பின் வரிசையில பத்து பாகாட் குழுப் பொண்ணு ஒருத்தி கையத் தூக்கி, "உறுமி எங்க வாங்கறது?"ன்னு கேட்டா. அப்பதான் எனக்கு அலாமாக், போச்சுடான்னு இருந்துச்சு.

பெரியவரு என் பக்கம் குனிஞ்சாரு. மெதுவாத்தான் சொன்னாரு.

"சிரிச்சு முடிச்சிட்டியா? இப்ப அந்தப் பையன் சொன்னத அப்படியே ஒரு போலீஸ்காரன் எழுதறதா நினைச்சுப் பாரு. இந்திய இளைஞர்கள் பன்னிரண்டு பேர் கும்பலா லோரோங் லோரோங்கா போயி, வீட்டுக்காரங்ககிட்ட காசு வாங்கறாங்க. காசு குடுத்தா தொல்லை இல்ல. குடுக்கலன்னா தொல்லை."

ஒரு சொல்லுகூட அவரு கூட்டிச் சொல்லல, குறைச்சும் சொல்லல.

"ஊருக்குப் போனதும் முதல் வேலை, வாங்கினத வாங்கின கையில திருப்பிக் குடு"ன்னாரு. அதோட அடுத்த குழுவக் கூப்பிடச் சொல்லிட்டாரு.

திரும்பி வர்ற வழியிலயே போன் வந்துச்சு. அந்தத் தாமான் குடியிருப்பாளர் சங்கத் தலைவரு என்சிக் ரஹிம். நல்ல மனுஷன், பேச்சுல எப்பவும் ஒரு மரியாதை இருக்கும். மலாய்ல அவரு சொன்னது இதுதான்: "புவான், பிள்ளைங்க கெட்ட பிள்ளைங்க இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா ரெண்டு வீட்டுக்காரங்க போலீஸ்ல ரிப்போர்ட் போடலாமான்னு கேக்கறாங்க. பாதுகாப்புப் பணம்னு ஒரு வார்த்தை ஓடுது. வர்ற ஞாயித்துக்கிழமை கோத்தோங் ரோயோங் இருக்கு, தாமான்காரங்க எல்லாம் கூடி சுத்தம் பண்ற நாளு. அது வரைக்கும் நான் அவங்களப் பிடிச்சு வைக்கிறேன். அதுக்குள்ள சரி பண்ணுங்க."

நினைச்சுப் பாருங்க. பிரகாஷோட வேலைக் கடிதம் வீட்டுல சாமி படத்துக்கு முன்னால இருக்கு. போலீஸ்ல பேரு ஏறினா அது வெறும் காகிதம். ஒரு பக்கம் ஞாயித்துக்கிழமை, இன்னொரு பக்கம் அதுக்கு மறுநாள் பஸ்ஸுக்கு முன்பணம் கட்டற கடைசி நாளு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சும்மாவா சொன்னாங்க?

மறுநாள் சாயந்திரம் ஃபுட்சால் திடல்ல எல்லாரையும் உக்கார வச்சேன்.

"நாங்க கேக்கவே இல்லக்கா"ன்னான் பிரகாஷ். "அவங்களா வந்து குடுத்தாங்க."

"குடுக்கலன்னா என்னடா பண்ணியிருப்ப?"

"இன்னும் கொஞ்ச நேரம் அடிச்சிருப்போம்."

"அப்பவும் குடுக்கலன்னா?"

"இன்னும் கொஞ்ச நேரம்."

"அப்ப அதுக்குப் பேரு என்னடா?"

துளசி சொன்னா, "வியாபாரம்."

"வேற பிள்ளைங்க செஞ்சா வியாபாரம்னு சிரிப்பாங்கம்மா. நீங்க பன்னிரண்டு பேரு கூட்டமா போயி ஒரு வீட்டு வாசல்ல நின்னா, இந்த ஊர்ல அதுக்கு என்ன பேரு வைப்பாங்கன்னு நான் சொல்லணுமா?"

அதச் சொல்ல எனக்கே கசப்பா இருந்துச்சு. நம்ம பிள்ளைங்ககிட்ட இத ஒரு நாளு சொல்லியே ஆகணும், எப்படிச் சொன்னாலும் அது நல்லா இருக்காது. பிரகாஷ் முகத்தத் துடைச்சுக்கிட்டு எழுந்தான். "திருப்பிக் குடுத்துடலாம்கா"ன்னான்.

சரி, இதோட முடிஞ்சதுன்னுதானே நினைக்கிறீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

முதல்ல சிவகுரு ஐயா வீடு. பிரகாஷ் ரெண்டு கையாலயும் அந்த ஐம்பது ரிங்கிட்ட நீட்டினான். ஐயா ரெண்டு அடி பின்னால போயிட்டாரு.

"வேண்டாம் தம்பி. வச்சுக்கொள்ளுங்கோ."

"இல்லைங்கய்யா, வாங்கிக்குங்க."

"நான் இதைத் தந்தது நிப்பாட்ட. இப்ப திருப்பித் தாறியள் எண்டா என்ன அர்த்தம்? திரும்பவும் தொடங்கப் போறியளோ?"

"ஐயய்யோ, இல்லைங்கய்யா!"

"பிறகு ஏன் தாறியள்? காணாதெண்டா சொல்லுங்கோ, இன்னும் தாறன்." மனுஷன் நிஜமாவே பர்ஸ எடுத்துட்டாரு.

அடுத்தது லிம் ஆண்ட்டி. மூலை வீடு, வாசல்ல பூஞ்சட்டி வரிசை, சாயந்திரமானா சிநேகிதிங்களோட மாஜோங் ஆட்டம். எங்களப் பாத்ததும், "தா பயா, தா பயா", வேணாம் வேணாம்னு கையாட்டி கேட்டச் சாத்தினாங்க. துளசி கேட் கம்பி வழியா காச நீட்டினா. அவங்க உள்ள ஓடி, இன்னொரு பத்து ரிங்கிட்டக் கொண்டாந்து அதே கம்பி வழியா அவ கையில திணிச்சுட்டுப் போயிட்டாங்க.

பரீட்சை அமைதி வாங்கின வீட்டுல அந்த அம்மா அழவே ஆரம்பிச்சிட்டாங்க. "தம்பி, பரீட்சை முடிய இன்னும் நாளு இருக்குப்பா, பாதியில விட்டுடாதீங்கப்பா"ன்னு.

இப்படியே வீடு வீடா. திருப்பிக் குடுக்கக் கிளம்பின டின்னு, திரும்பி வரும்போது இன்னும் கனமா இருந்துச்சு. கிணறு வெட்டப் போயி பூதம் கிளம்பின கதை. அன்னிக்கு ராத்திரியே என்சிக் ரஹிம் போன் பண்ணாரு. "புவான், விலைய ஏத்திட்டாங்கன்னு சொல்றாங்களே?" நான் போன வச்சுட்டு சுவத்துல முட்டிக்காத குறைதான்.

யோசிச்சுப் பாத்தா அவங்க மேல தப்பே இல்ல. காசு குடுத்தாதான் சத்தம் நிக்கும்னு இந்தப் பிள்ளைங்கதான் ஒரு மாசமா பழக்கி வச்சிருக்காங்க. இப்ப வந்து காச வாங்கிக்கோன்னா பயப்படாம என்ன செய்வாங்க? நானும் நாலு விதமா யோசிச்சேன். கடிதம் எழுதலாமா, கோயில்ல அறிவிப்புச் சொல்லலாமா. ஒண்ணும் சரியா வரல.

துளசிதான் கண்டுபிடிச்சா. "அக்கா, அவங்க நம்மளப் பாத்துப் பயப்படல. மேளத்தப் பாத்துதான் பயப்படறாங்க. மேளத்தக் கொண்டுபோயி குடுத்துடலாம்."

"யாருகிட்ட?"

"சிவகுரு ஐயாகிட்ட. அவரு வீட்டுல பூட்டி வச்சா எல்லாரும் நம்புவாங்க."

பிரகாஷோட உறுமி அவனே ஒரு வருஷம் பகுதி நேர வேலை பாத்து வாங்கினது. மத்தவங்க தவில், பம்பை எல்லாம் ஐயா வீட்டு முன் கூடத்துல வரிசையா அடுக்கினாங்க. அவன் கடைசியா வந்தான். உறுமிய ஒரு பழைய போர்வையில சுத்தி எடுத்துட்டு வந்திருந்தான்.

"ஐயா, ஈரம் படாம வைங்க. வெயிலும் வேணாம்."

"இதென்ன தம்பி, கைக்குழந்தையோ?"

"ஆமாங்கய்யா"ன்னான் அவன். விளையாட்டுக்குச் சொல்லல. ஐயா அவன் முகத்த ஒரு தடவ பாத்துட்டு, போர்வையோடவே வாங்கி அவரு சாய்வு நாற்காலியில வச்சாரு.

அதுக்கப்புறம் வேல சுலபமாச்சு. தாமான்காரங்க ஒவ்வொருத்தரா வந்து ஐயா வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க. மேளம் எல்லாம் சிறையில இருக்கறது நிச்சயமான பிறகுதான் காசத் திருப்பி வாங்கினாங்க. லிம் ஆண்ட்டி எண்ணிக்கூடப் பாத்தாங்க. வெள்ளிக்கிழமை சாயந்திரம் டின்னு காலி.

பிள்ளைங்க திடல்ல சும்மா உக்காந்திருந்தாங்க. மேளமும் இல்ல, காசும் இல்ல, மெர்சிங்கும் இல்ல. ஒரு பொடியன் காலி டின்ன விரலால தட்டப் போனான், பிரகாஷ் அவன் கையப் பிடிச்சுட்டான். எனக்கு அழுகையே வந்துச்சு. என் கையிலேர்ந்து போட்டு பஸ்ஸ எடுத்துடலாமான்னு தோணிச்சு, பொய் சொல்ல மாட்டேன். பைக்குள்ள கைய விட்டுட்டேன்கூட. விட்ட கைய வெறுங்கையா வெளிய எடுத்தேன். அந்தப் பணத்துல போனா அந்தப் பிள்ளைங்களுக்கு மிச்சமா இருக்கப் போறது அவமானம் மட்டும்தான்னு எனக்குப் பட்டுச்சு. சரியோ தப்போ, அப்ப அப்படித்தான் முடிவு பண்ணேன்.

அந்த நேரம்தான் என்சிக் ரஹிம் வந்தாரு. எனக்கு நன்றி சொல்ல வந்தவரு. ரிப்போர்ட் பேச்சு அடங்கிப் போச்சுன்னாரு. சொல்லிட்டு, போகாம அங்கயே நின்னாரு. ஞாயித்துக்கிழமை கோத்தோங் ரோயோங்க நினைச்சாலே அவருக்குக் கவலையாம். ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப்ல எல்லாரும் கட்டை விரலத் தூக்கிக் காட்டுவாங்க, காலையில ஒருத்தரும் வர்றதில்ல. போன தடவ வந்தது அவரு, அவரு மனைவி, ஒரு பூனை. கடைசியில பழைய சோபா, அலமாரி எல்லாம் அள்ள ஆள் வச்சு சங்கத்துப் பணத்தத்தான் குடுக்க வேண்டியிருக்காம்.

"இந்தப் பிள்ளைங்க அந்த வேலையச் செய்வாங்களா?"ன்னு கேட்டாரு. பன்னிரண்டு தலையும் ஒண்ணா நிமிர்ந்துச்சு.

அப்புறம் அவரு சிவகுரு ஐயா வீட்டு ஜன்னலப் பாத்தாரு. கன்னத்தத் தடவினாரு.

"அந்த மேளத்த அடிச்சப்போ எல்லாரும் வீட்ட விட்டு வெளிய வந்தாங்க, இல்ல?"

"வந்தாங்க என்சிக்"ன்னான் பிரகாஷ். "காசோட வந்தாங்க."

"துடைப்பத்தோட வர வைக்க முடியுமா?"

நான் வாயப் பொத்திக்கிட்டேன். இந்த மனுஷனுக்குள்ள இப்படி ஒரு குறும்பான்னு. ஆனா சூடு கண்டவ நான், உடனே சரின்னுடல. எத்தன மணிக்குத் தொடங்கி எத்தன மணிக்கு முடிக்கணும்னு முதல்லயே பேசணும். ஒவ்வொரு வீட்டுலயும் முன்கூட்டியே போயி கேக்கணும். யாராவது வேணாம்னா அந்த வாசல்ல மேளம் நிக்கக் கூடாது. கூலி சங்கம் குடுக்கட்டும், வீட்டுக்காரங்ககிட்ட ஒரு காசு கூடாது. இதுக்கெல்லாம் அவரும் சரின்னாரு, பிரகாஷும் சரின்னான்.

சனிக்கிழமை பூரா பிரகாஷ் தனியா, வெறுங்கையோட வீடு வீடா போயி கேட்டான். சிவகுரு ஐயா கடைசி வீடு.

"எட்டு மணிக்குத் தொடங்கினா எப்ப முடிப்பியள்?"

"பத்து மணிக்குங்கய்யா."

"பத்தெண்டா பத்துதான்?"

"பத்துதாங்கய்யா."

ஐயா சாவிய எடுத்துக் குடுத்தாரு. பஞ்சு இருக்கான்னு மருந்துப் பெட்டியத் தேடப் போனாரு.

ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு உறுமி முனகிச்சு பாருங்க! ஐயோ சாமி. தாளம் அதே இடத்துல தடுக்கி விழுந்துச்சு, பம்பை அதே மாதிரி வழி தவறிப் போச்சு. ஆனா அந்தச் சத்தத்துல வீட்டுக்குள்ள ஒரு மனுஷன் படுத்திருக்க முடியுமா? கதவு கதவா திறந்துச்சு. லுங்கியோட ஒருத்தரு, முகத்துல பவுடர் மாஸ்க்கோட ஒரு அக்கா, பல் தேய்ச்சுக்கிட்டே ஒரு பையன். வெளிய வந்தவங்க கையில என்சிக் ரஹிம் மனைவி சிரிச்சுக்கிட்டே ஆளுக்கொரு துடைப்பத்தக் குடுத்தாங்க. லிம் ஆண்ட்டி குப்பை அள்ற முறத்தத் தட்டி அவங்களும் ஒரு தாளம் போட்டாங்க. உண்மையச் சொன்னா, அது ஒண்ணுதான் சரியான தாளம். சிவகுரு ஐயா காதுல பஞ்சோட தன் வீட்டு லோங்காங்க, அதான் சாக்கடைய, தானே குனிஞ்சு கிளறினாரு. பிள்ளைங்கள்ல பாதிப் பேரு அடிச்சாங்க, பாதிப் பேரு சோபா தூக்கினாங்க, மாத்தி மாத்தி.

சரியா பத்து மணிக்கு, நல்ல வேகத்துல போயிட்டிருக்கும்போதே பிரகாஷ் கையத் தூக்கினான். மேளம் டக்குனு நின்னுச்சு. ஐயா கைக்கடிகாரத்தப் பாத்தாரு, காதுலேர்ந்து பஞ்ச எடுத்தாரு. "கெட்டிக்காரர்"னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு.

சங்கம் குடுத்த கூலியில பஸ்ஸுக்கு முன்பணம் கட்டினோம். இவங்க பன்னிரண்டு பேரும் அந்த பஸ்ல ஏறினாங்க.

இப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணு. உங்க பிள்ளைங்க காசு கொண்டுவந்தா டின்னு எவ்வளவு கனம்னு தூக்கிப் பாக்காதீங்க. குடுத்தவங்க ஏன் குடுத்தாங்கன்னு கேளுங்க. பிரியப்பட்டுக் குடுத்தாங்களா, வேலைக்குக் கூலியா குடுத்தாங்களா, இல்ல தொலைஞ்சா போதும்னு குடுத்தாங்களா. மூணுக்கும் நோட்டு ஒரே நிறம்தான். நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

இத நான் பிள்ளைங்களுக்கும் சொன்னேன். சொன்னது ஏறிச்சா இல்லையான்னு மெர்சிங்ல தெரிஞ்சது.

கோத்தா திங்கி தாண்டி போயி இறங்கின அன்னிக்கு மத்தியானம். கடல் முன்னால பன்னிரண்டு பேரும் வரிசையா நின்னாங்க. அப்புறம் துளசி, "எதிர்ல ஒண்ணுமே இல்ல"ன்னா. அவ குரல்ல அவ்வளவு சந்தோஷம். கூடாரம் அடிச்சு முடிச்சதும் மேளத்தத் தூக்கிட்டு மணலுக்குப் போயிட்டாங்க. கடலுக்கு யாரு போயி ரிப்போர்ட் போடப் போறா? மனசு நிறைய அடிச்சாங்க.

கொஞ்ச நேரத்துல, தள்ளி இருந்த தங்கும் விடுதிப் பக்கமிருந்து ஒரு மலாய்க்காரரு வந்தாரு. சட்டை போடாத பெரிய தொப்பை, தோள்ல துண்டு. கையில ஒரு நோட்டு. நான் கூடார வாசல்ல உக்காந்தபடியே பாத்துக்கிட்டிருந்தேன். எழுந்து போகலாமான்னு நினைச்சேன், போகல.

அவரு நோட்ட நீட்டினாரு. மேளம் உடனே நின்னுச்சு. பிரகாஷ் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டான்.

"காசு வேணாம் பாக் சிக்"ன்னான் மலாய்ல. "எத்தன மணிக்கு நிப்பாட்டணும்னு மட்டும் சொல்லுங்க."

எனக்கு மனசு குளுந்து போச்சு.

அந்த மனுஷன் முழிச்சாரு. "நிப்பாட்டறதா? யாரு நிப்பாட்டச் சொன்னா? ஏன் நிப்பாட்டினீங்க? அங்க பாரு, என் பிள்ளைங்க ஆடிக்கிட்டிருக்காங்க. நல்லா இருக்குப்பா. அதுக்குத்தான் குடுக்கறேன், வாங்கிக்கோ. இன்னும் கொஞ்சம் அடி."

திரும்பிப் பாத்தா, விடுதி வாசல்ல மூணு சின்னப் பிள்ளைங்க, மேளம் நின்ன இடத்துலயே ஒரு காலத் தூக்கினபடி காத்துக்கிட்டு நிக்குதுங்க.

பிரகாஷ் அந்த நோட்டப் பாத்தான், அவரப் பாத்தான். என் பக்கம் ஓடி வந்தான். கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருந்துச்சு, குரல் மட்டும் ரகசியம் பேசற மாதிரி இருந்துச்சு.

"அக்கா, இவருக்குக் காது நல்லாத்தானே கேக்குது?"